ஐந்து சொட்டு

மழை வருமா என்று அவரிடம் கேட்டால், "வந்தா சொல்றேம்மா" என்பார். கேலிக்காகச் சொல்வதில்லை. வயதைக் கேட்டாலும் இப்படித்தான். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், ஐம்பத்திரண்டு என்று போட்டிருக்கிறது, நிஜம் அவருடைய ஆத்தாவுக்குத்தான் தெரியும், ஆத்தா இப்போது இல்லை என்பார். திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம் என்றால், தான் எண்ணவில்லை என்பார். அவரோடு பத்து நிமிடம் பேசினால் போதும், நாமெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிறோம் என்று உறைக்க ஆரம்பிக்கும். எனக்கு உறைப்பதற்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ராசா என்ற ஊரில் மளிகைக் கடைக்காரர் மகள், படித்தவள், அரசாங்க வேலைக்காரி. வாய்க்குக் கேட்க வேண்டுமா?

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், சிரம்பான் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முன்மேசை வேலை எனக்கு. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் போத்தல்களில் வரும். அவற்றை வாங்கி, மலாய்ப் படிவத்தில் பதிந்து, உள்ளே சோதனைக்கு அனுப்ப வேண்டும். போர்ட்டிக்சன் பழைய துறைமுகத்திலிருந்து வாரம் ஒருமுறை மூன்று போத்தல்களை ஐஸ் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டு வருபவர் அவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். போத்தலில் ஒட்டும் தாளைத் தமிழில்தான் எழுதுவார். எங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தத் தாளைக் கோந்து போட்டு ஒட்டமாட்டார். ரப்பர் பால் தொட்டு ஒட்டுவார். கழுவினாலும் வராது, நகத்தால் சுரண்டினாலும் வராது. எடுத்த இடம், நாள், நேரம் மூன்றும் இருக்கும். இடத்துக்கு அவரே பெயர் வைத்திருந்தார். பாலத்து முனை, கோடவுன் வாய்க்கால், ஆத்து வாய். காலிப் போத்தல்களை மறுவாரம் எண்ணி வாங்கிப் போவார். தாள் அப்படியே இருக்கும், அதன் மேல் புதுத் தாள் ஏறும். சில போத்தல்கள் தாள் ஏறி ஏறித் தடித்துப் போயிருந்தன.

சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டும், ஒரு பேனாவும், ஒரு பென்சிலும் எப்போதும் உண்டு. தன் கண்ணால் பார்த்ததைப் பேனாவில் எழுதுவார். அடுத்தவர் சொன்னதைப் பென்சிலில் எழுதுவார். சோதனை முடிவை நான் வாசித்துச் சொன்னால் அதுவும் பென்சில்தான். ஒருநாள், "அரசாங்கம் சொல்ற நம்பருய்யா, அதையுமா பென்சில்ல எழுதுவீங்க?" என்று கேட்டேன். "நான் பாக்கலியேம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துறைமுகம் என்று சொல்லும்போது பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டத்து ரப்பரெல்லாம் தோணியில் ஏறிக் கப்பலுக்குப் போன துறைதான். பிறகு கப்பல்கள் கிள்ளானுக்குப் போய்விட்டன. கோடவுன்களின் தகரம் துருப்பிடித்துக் காற்றில் அடித்துக்கொண்டது. தண்டவாளத்தின் நடுவில் புல் முளைத்தது. மிச்சமிருந்தது ஆற்று வாயில் ஒரு ரப்பர் தொழிற்சாலை, அதன் குழாய், குழாயிலிருந்து இரவும் பகலும் வடிந்த புளித்த பால் நாற்றத் தண்ணீர். அந்தக் குழாயை மூடச் சொல்லவேண்டுமானால் துறைமுகத்துத் தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எண்ணில் காட்டவேண்டும். அதற்காகத்தான் வாரம் மூன்று போத்தல்.

யாருக்கு என்ன போயிற்று என்று கேட்பீர்கள். ஆற்று வாயை ஒட்டினாற்போல் அவர் குடியிருந்த ரப்பர் தோட்டம். பாதி மரங்களைத் தள்ளிவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாதி வீடுகளுக்கு வேலை இல்லை. கடல் வற்றும் நேரத்தில் பெண்கள் சேற்றில் இறங்கிக் கெராங் பொறுக்குவார்கள். சிப்பிதான், நாங்கள் மலாய்ப் பெயரில் கெராங் என்போம். அதை அவித்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். அவருடைய மனைவியும் இறங்குகிறவர்தான். ஒருமுறை அந்த அம்மாள் அவரோடு பஸ்ஸில் வந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் முழுக்கப் புண், வெந்த மாதிரி. லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்பதே இல்லை என்று அந்த அம்மாள்தான் சொன்னார். இவர் பக்கத்தில் நின்று, "பதினோரு பிள்ளைங்க. நான் பாத்தது" என்று திருத்தினார். எனக்குச் சிரிப்பு வந்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்த வேலை அவருக்கு வந்த கதையையும் சொல்லவேண்டும். முன்பு அவர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் இருந்தார். மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள் கொண்டுவரும் பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று கருவியை மிதக்கவிட்டுப் பார்த்துச் சொல்லும் வேலை. கணக்கெழுதும் கிராணி ஒருநாள், கொஞ்சம் குறைத்து எழுது, துரை சொல்கிறார் என்றிருக்கிறார். இவர், துரையே வந்து கருவியைப் பார்த்துச் சொல்லட்டும், எழுதிக்கொள்கிறேன் என்றாராம், பென்சிலை எடுத்தபடி. அதோடு ஸ்டோர் போயிற்று. தண்ணீர் எடுக்க ஆள் வேண்டும் என்று எங்கள் அலுவலகம் கேட்டபோது, தொல்லை விட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

போத்தல் போக இன்னொரு சோதனையும் அவருக்கு இருந்தது. தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்று பார்க்க நாங்கள் ஒரு கறுப்பு வெள்ளைத் தட்டு கொடுத்திருந்தோம். அது கடலில் போய்விட்டது. அவர் மனைவியின் வெள்ளை மங்குத் தட்டில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டினார். கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. தட்டு கண்ணுக்கு மறைகிறவரை இறக்கி, முடிச்சை எண்ணி, பேனாவில் எழுதுவார். பாலத்தின்மேல் குப்புறப் படுத்து, சோறு தின்ன வேண்டிய தட்டைக் கடலுக்குள் இறக்கிக்கொண்டிருப்பாராம். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரித்தான் இருந்திருக்கும். அந்த முடிச்சுக் கணக்குக்குப் படிவத்தில் இடம் இருந்தது. ஆனால் எங்கள் தட்டால் எடுத்தது அல்லவே என்று நான் பதியாமல் விட்டேன்.

பிறகு ஐஸ் தொழிற்சாலையை மூடினார்கள். மீன் படகுகள் குறைந்துவிட்டன, யாருக்கு ஐஸ்? ஒரு காலையில் காப்பிக் கடையிலிருந்து போன் செய்தார்.

"அம்மா, ஐஸ் பெக்டரிய மூடிட்டான்லா. காப்பிக் கடையில கேட்டா ஒரு கிளாஸ்தான் குடுக்கிறான், பெட்டிக்குக் காணாது. என்ன செய்யட்டும்?"

மேசைக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். அதிகாரி வேறு எதற்கோ கத்திக்கொண்டிருந்தார். "எப்படியாச்சும் கெட்டுப்போகாம கொண்டு வாங்கய்யா. கெடக்கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

பால் ஸ்டோரில் வாழ்நாளைக் கழித்தவருக்குக் கெட்டுப்போகாமல் வைப்பது என்றால் ஒன்றுதான் தெரியும். மரத்துப் பால் ஸ்டோர் வந்து சேருவதற்குள் உறைந்துவிடாமல் இருக்க வாளியில் அமோனியா விடுவார்கள். தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அவர் ஸ்டோரில் கேட்டு ஒரு சிறு சீசா வாங்கிவந்து, கண்ணுக்கு மருந்து விடும் குழாயால் ஒவ்வொரு போத்தலிலும் அளந்து விட்டார். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அந்தத் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்ததே அமோனியாவைத்தான். ரப்பர் தொழிற்சாலைக் கழிவைக் காட்டிக்கொடுப்பது அதுதான். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று அவர் ஒருமுறை கேட்டார். "அழுக்கைத்தான்யா" என்று சொல்லியிருந்தேன்.

ஆனால் அவர் மறைக்கவில்லை. இடம், நாள், நேரம் என்ற மூன்று வரிக்குக் கீழே நான்காவதாக ஒரு வரி சேர்ந்தது. ஐஸ் இல்லை, அமோனியா ஐந்து சொட்டு. ஒவ்வொரு போத்தலிலும், ஒவ்வொரு வாரமும், குண்டு குண்டாகத் தமிழில். நான் படித்தேனா? படித்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, படிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. கண் அதன்மேல் போயிருக்கிறது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததைப் பார்க்காமல் இருப்பதற்கு ஆறு மாத அரசாங்க வேலை போதும்.

எண்கள் குதித்தன. மூன்று இடத்திலும் குதித்தன. எங்கள் அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை, இதோ பிடித்துவிட்டோம் என்றார். நான் வாசித்துச் சொல்ல, அவர் பென்சிலில் எழுதிக்கொண்டே வெளிறிப்போனார். லயத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார், யாரும் சேற்றில் இறங்கவேண்டாம் என்று. அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று பெண்கள் நின்றுவிட்டார்கள். மாதக்கணக்கில் மரவள்ளிக் கிழங்கும் உப்பும். அவர் கன்னம் ஒட்டிப்போனதை நான் பார்த்தேன். குழாயை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன்.

குழாயைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் நடந்தது. தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார், படித்தவர், மரியாதையானவர். எண்களை ஒரு தாளில் கோடாக வரைந்து கொண்டுவந்திருந்தார். குறிப்பிட்ட ஒரு வாரத்தில் மூன்று இடத்திலும் ஒரே அளவு குதிக்கிறது, அந்த வாரம் என்ன மாறியது என்று கேட்டார். தண்ணீர் எடுத்தவர் என்று அவரையும் அழைத்திருந்தார்கள், அவருக்கு மொழிபெயர்க்க என்னைத்தான் உட்கார வைத்திருந்தார்கள். அவருக்குக் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய் தெரியும், இருந்தாலும் கூட்டம் என்பதால் நான்.

கேள்வியை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார்.

"ஐஸ் நின்ன வாரம்மா அது. அதுலேருந்து போத்தலுக்கு அஞ்சு சொட்டு அமோனியா விடுறேன். பால் கெடாம இருக்க நாங்க விடுறதுதான்."

தெரியாது என்று சொல்லியிருந்தால் யாராலும் எதையும் நிரூபித்திருக்க முடியாது. அந்த நினைப்பே அவருக்கு வந்திருக்காது. நான் மொழிபெயர்த்தேன். அந்த இளைஞர் சிரிக்கக்கூட இல்லை, பேனாவை மூடிப் பையில் செருகினார். எங்கள் அதிகாரி சிவந்துபோய், ஆய்வுக்கூடத்தில் யாருக்காவது இது தெரியுமா என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னார். "தாள்ல எழுதித்தான் ஒட்டினேன். படிச்சாங்களா இல்லையான்னு நான் பாக்கல."

நான் மலாயில், யாருக்கும் தெரியாது என்கிறார் என்றேன்.

அவருக்குப் பாசார் மலாய் தெரியும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அவர் தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, ஐஸ் இருந்த காலத்துப் போத்தல் கணக்கையாவது எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கேட்டார். அதை ஒழுங்காக மொழிபெயர்த்தேன். எல்லாம் ஒரே கோப்பு, பிரிக்க முடியாது என்று முடிந்துவிட்டது. துறைமுகத்துத் தண்ணீர் இனி வேண்டாம், அந்த ஆளிடம் சொல்லிவிடு என்று அதிகாரி என்னிடம் சொன்னார்.

நான் சொல்லவில்லை. மறுவாரம் அவர் வந்து நின்றார், பெட்டியில் ஐஸோடு. முதல் நாளே சிரம்பான் பாசாருக்கு வந்து கட்டி ஐஸ் வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஊருக்குப் போய், விடியக் காலையில் தண்ணீர் எடுத்து, மறுபடி பஸ்ஸில் வந்திருக்கிறார். கால்சட்டையெல்லாம் ஈரம். "இனிமே ஐஸ்லதாம்மா. முதல்லேருந்து எடுப்போம்" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? போத்தல்களை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போனதும் கழுவு தொட்டியில் ஊற்றினேன்.

அடுத்த வாரம் நம்பர் கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பென்சிலில் எழுதிக்கொண்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். சரி, கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்று குறைத்துச் சொன்னேன். இப்படியே வாரத்துக்கு வாரம் இறக்கிக்கொண்டு வந்தேன். அவருக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன், சத்தியமாக. அவர்தான் முகம் சுளித்தார். தட்டு முன்னைவிடச் சீக்கிரம் மறைகிறது, முடிச்சு குறைகிறது, நம்பர் எப்படி இறங்குகிறது என்று கேட்டார். அது வேறு, இது வேறு என்றேன்.

ஒருநாள் கேட்டார், "எத்தனைக்குக் கீழ வந்தாம்மா பொம்பளைங்கள எறங்கச் சொல்லலாம்?"

பத்து என்றேன். மறுவாரம் அவர் சட்டை தோளில் தொங்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, ஒன்பது என்றேன்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொழிற்சாலையை யாரும் மூடவில்லை. பால் வரத்து இல்லாமல் சில வருடங்கள் கழித்து அதுவே மூடிக்கொண்டது. தோட்டம் வீட்டு மனையாகிவிட்டது. லயத்து ஆட்கள் பாரோய், நீலாய் என்று பிரிந்து போனார்கள். அவருடைய மனைவி ஒரு மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து உயிரோடு திரும்பினார், ஆனால் பழையபடி வேலைக்கு எழவில்லை என்று கேள்வி. கேள்விதான், நான் போய்ப் பார்க்கவில்லை. பென்சிலில் எழுதவேண்டியது. நான் அந்த மேசையிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். மாத்திரைச் சீசா வாங்கினால்கூடக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். என் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.

பெண்கள் சேற்றில் இறங்கி மூன்றாவது வாரம் அவர் ஒரே ஒரு போத்தலோடு வந்தார். ஐஸ் பெட்டி இல்லை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. அவர் மனைவிக்கு நிற்காத வயிற்றுப்போக்கு, இங்கே சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், லயத்துப் பிள்ளைகள் நாலு பேரும் அதே வார்டு வரிசையில்தான் என்றார். நம்பரெல்லாம் பொய் என்று சொல்லிவிட வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர், "இந்த வாரம் ஒண்ணுதாம்மா" என்று போத்தலை வைத்துவிட்டுப் போய்விட்டார். போத்தலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் அழுதேன். அழுததும் மனது லேசாகிவிட்டது. அதுதான் என்னுடைய லட்சணம்.

ஏழு நாள் கழித்து வந்தார். சட்டை துவைத்துப் போட்டிருந்தார். நோட்டை எடுத்து மேசையில் விரித்து, பென்சிலைக் கையில் பிடித்தார்.

"நம்பர் என்னம்மா?"

"எட்டு" என்றேன்.

எழுதினார். எழுதிவிட்டு, காலிப் போத்தலைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் கையில் வாங்காமல், மேசைமேலேயே மெல்லத் திருப்பி, தாள் என் பக்கம் வரும்படி வைத்தார்.

"படிங்கம்மா."

அவர் கையெழுத்துதான். குண்டு குண்டாக. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு, குழாய்த் தண்ணீர். போன வாரத் தேதி. காலை மணி எட்டு.

பொய்த் தாள் ஒட்டி அவர் என்னைப் பிடிக்கவில்லை. உள்ளதைத்தான் எழுதி ஒட்டியிருந்தார், எப்போதும்போல. ஏழு நாள் அது என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"அஞ்சு சொட்டு நான் விட்டேன்" என்றார். குரல் உயரவில்லை. "விட்டேன்னு எழுதினேன். கேட்டப்போ சொன்னேன்."

அவர் பென்சிலைப் பையில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். நோட்டின் பக்கத்தைப் பின்னால் புரட்டி, கூட்டத்துக்குப் பிறகு நான் சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், ஒன்றுகூட விடாமல், சோதிக்கவில்லை என்று எழுதிக்கொண்டே வந்தார். எட்டுக்குப் பக்கத்திலும் எழுதி முடித்ததும் பேனாவை மூடினார். காலிப் போத்தலைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்தார். அன்றைக்கு அவர் புதிதாக ஒரு போத்தலும் கொண்டுவந்திருக்கவில்லை.